மூதாட்டியார் கல்வெட்டு

ஒரு குடும்பத்துக்கு ஆணிவேராய் நின்ற மூதாட்டியார் நெடுங்காலம் வாழ்ந்து சிவபதமடைந்தால், நம்மவர் செய்யுங் கிரியைகள் பல. காடாற்று, எட்டுச்செலவு, கீரிமலைத் தீர்த்தக்கரையில் அந்தியேட்டி, பின்னர் ஆட்டைத் திவசம் என இவை முறையே நிகழும். முப்பத்தோராம் நாளிலே "கல்வெட்டு" எனப் பெயரிய நினைவுநூலொன்றை அச்சிட்டு வந்தோர்க்கு வழங்குதலும் யாழ்ப்பாணத்து வழக்கம். இவை வேண்டாவென்று கூற யாம் வந்திலேம். தென்புலத்தாரைப் போற்றுதலை இல்வாழ்வானுடைய கடன்களுள் முதற்கண் வைத்தார் திருவள்ளுவனார். ஆயினும் அக்கல்வெட்டிலே எழுதத்தக்கது யாது என்பதொன்று ஆராயற்பாலது. அதனை, மெய்யாகவே கல்லில் வெட்டப்பெற்ற ஒரு மூதாட்டியாரின் சரிதங்கொண்டு ஆராய்வாம்.

சோழநாட்டிலே கண்டராதித்த தேவரின் பட்டத்தரசியாய் விளங்கியவர் செம்பியன் மாதேவியார். இவர் மழவர் கோமான் மகளார். கண்டராதித்தர் தில்லைக் கூத்தப்பிரான்மேல் திருவிசைப்பாப் பாடி, ஒன்பதாந் திருமுறை ஆசிரியருள் ஒருவராக வைத்தெண்ணப்படும் பேறு பெற்றவர். அவர் 957 ஆம் வருடமளவிலே சிவபதமடைந்தபோது மைந்தர் மிக இளையர். அரசுரிமை கொழுநரின் தம்பியாராகிய அரிஞ்சயர் வழியிற் சென்று, அவர் மைந்தர் சுந்தர சோழரை அடைந்தது. சுந்தர சோழரின் மூத்த புதல்வர் ஆதித்த கரிகாலர் கொலையுண்டார். பின்னரே மாதேவியாரின் மைந்தர் உத்தம சோழர் அரசெய்தி, 985 வரை ஆண்டார். அவர்க்குப் பின் அரசு அவருடைய மைந்தரை அடையாது, சுந்தர சோழரின் இளைய புதல்வராகிய முதலாம் இராசராசரை அடைந்தது.

அன்பர்காள், இதனைச் சற்றே நின்று சிந்திமின். ஒரு காணித்துண்டின் எல்லைவேலி பற்றிச் சகோதரர் இருவர் முகம்பாராதிருக்கும் இக்காலத்திலே, ஓர் இராச்சியமே ஒரு கிளையினின்றும் மற்றொரு கிளைக்கு மாறிமாறிச் சென்ற குடும்பம் எத்தன்மைத்தாய் இருந்திருக்கும்! கணவரை இழந்து, புதல்வர் அரசு கண்டு, அவரையும் இழந்தபின், ஏறத்தாழ 1001 வரை இராசராசர் ஆட்சியிலும் அம்மையார் தம் திருப்பணியை விடாது செய்தனர். இரு கிளையாரும் அவரைப் போற்றினர். பின்வந்த முதலாம் இராசேந்திரர் காலத்திலே, அவர் பெயர்பூண்ட செம்பியன் மாதேவியென்னும் ஊர்க்கோயிலில் அவர் திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பெற்று வழிபாடு நிகழ்ந்தது. முன்னரே உத்தம சோழரின் தேவியர், தம் மாமியார் பிறந்த கேட்டை நாளிலே மாதந்தோறும் சிறப்பு நிகழுமாறு அவ்வூரில் அறக்கட்டளை வைத்தனர். மருமக்கள் மாமியாரின் பிறந்தநாளை மறவாது போற்றிய குடும்பம் அது. மகன் தாயைப் போற்றுதல் இயல்பு. மருமகள் போற்றுதலே அத்தாயின் குணத்துக்குச் சான்றென்க.

அம்மையார் செய்த திருப்பணிகள் யாவை? செங்கல்லாலாகிய பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கினார். கோனேரிராசபுரமென இந்நாள் வழங்குந் திருநல்லத்திலே கணவர் பெயராற் கற்கோயில் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தைத் தொழுது இருக்கும் உருவத்தைச் சுவரிற் பொறித்தார். விருத்தாசலமாகிய திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை முதலிய தலங்களிலும் அவர் பணியைக் காணலாம்.

இவையனைத்தினும் எம் உள்ளத்தை உருக்குவது திருக்கோடிகாவிலே அவர் செய்த ஒன்று. அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபோது, முன்னோர் கொடுத்த நிவந்தங்களைக் கூறும் பழஞ்சாசனங்கள் தனிக்கற்களிற் கிடந்தன. பல்லவர் காலத்தனவும் அவற்றுளவாம். அம்மையார் அவற்றைப் புதிய சுவரிலே மீண்டும் வெட்டுவித்தார். யாரோ ஒருவர் என்றோ வைத்த விளக்கும் அழிந்துபோகலாகாதென்று கருதிய கருணை அஃது. தம் புகழை எழுதுவிப்பார் பலர். பிறர் தருமத்தை எழுதுவிப்பார் அரியர். குடும்பத்து மூதாட்டியார் தொழிலும் இதுவேயன்றோ? நமக்கு முன்னிருந்தோர் இன்னாரென்பதும், அவர் செய்தது இன்னதென்பதும் அவர் வாயிலாகவே நமக்கு வந்தன.

"அவர் அரசியார், எம் இல்லத்து ஆச்சி ஏழை, ஒப்பாதல் யாங்ஙனம்?" என்பீராயின், எம் குற்றமொன்றை மறையாது சொல்லுதும்.

யாம் பாதிரிமார் தாபித்த கல்லூரியிலே கற்றேம். அந்நிய தேசத்து அரசியர் பெயரெல்லாம் வரிசைப்படக் கூறுவேம். மாலையில் வீடு வந்தால், கால்கழுவித் திருநீறிட்டுத் தேவாரம் ஓதினாலன்றி எம் ஆச்சி சோறிடமாட்டார். அவர் அடுக்களையிலே சிறு முட்டியொன்று இருந்தது. உலையிலிடுமுன் ஒருபிடி அரிசி அதனுட் செல்லும். 1995 ஆம் வருடம் ஐப்பசித் திங்களில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்து தென்மராட்சி சென்றபோது, நகையிருந்த பெட்டியை மறந்த ஆச்சி அம்முட்டியை மறந்திலர். ஒருவேளைக் கஞ்சிக்கும் முட்டுப்பட்ட நாளிலும் அந்தப் பிடியரிசி நின்றதில்லை.

தமது 94 ஆம் பிராயத்தில் அவர் சிவபதமடைந்தார். கல்வெட்டை யாமே எழுதினேம். துடக்குக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஒழுங்கையின் கோடியில் வாழும் முதியாள் ஒருத்தி வெறும் பாத்திரத்துடன் படலையில் வந்து நின்றாள். வெள்ளிதோறும் அவ்வரிசி அவளுக்கே சென்றதென்பதை அன்றுதான் அறிந்தேம். உள்ளே சென்று பார்த்தால் முட்டி வெறுமையாய்க் கவிழ்ந்து கிடந்தது. யாம் அச்சிட்ட நூலிலே எம் பட்டம் இருந்தது. பிள்ளைகளின் உத்தியோகமும் அவர் வாழுந் தேசங்களும் இருந்தன. அம்முட்டியைப் பற்றி ஓரெழுத்தும் இல்லை. திருக்கோடிகாவிலே அயலார் தருமத்தையும் அழியாது காத்தார் ஒரு மூதாட்டியார். யாமோ எம் இல்லத்து மூதாட்டியார் தருமத்தையே முப்பத்தொரு நாளில் அழியவிட்டேம். வெட்கித் தலைகுனிந்து, அம்முட்டியை நிமிர்த்தி வைத்தேம்.

ஆகலின், சைவ நன்மக்களே, மூத்தோர் உயிரோடிருக்கும்போதே அவர் அருகிலிருந்து கேண்மின். எந்தக் கோயிலுக்கு எந்நாளில் எண்ணெய் கொடுத்தீர், யாருக்கு உணவிட்டீர், யார் பெயரால் அதைச் செய்தீர் எனக் கேட்டு எழுதிவைம்மின். அவர் சிவபதமடைந்தபின் அத்தருமங்களுள் ஒன்றையாவது கைவிடாது நடத்துமின். பொலனறுவையிலே சோழகுலத்து மாதேவி ஒருவர் பெயரால் எழுந்த வானவன் மாதேவீச்சரம் இன்றும் கல்லாய் நிற்கின்றது. அங்கே விளக்கிட்டோர் பெயரைச் சொல்லுவார் அரியர். கல் நின்றாற் போதாது, கை நிற்கவேண்டும். நாடோறும் ஒருபிடி அரிசி முட்டியில் விழும் ஓசையே எம் ஆச்சிக்கு யாம் வெட்டுங் கல்வெட்டு. நும் இல்லத்து மூதாட்டியார்க்கு நீவிர் வெட்டுவது யாதென்பதைச் சிவபெருமான் திருவடியை முன்னிட்டுச் சிந்திப்பீராக.

திருச்சிற்றம்பலம்.