அகழிக்கு உள்ளே

வேலூர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அதை வெளியிலிருந்துதான் அளக்கிறார்கள். அகழி எவ்வளவு அகலம், மதில் எவ்வளவு உயரம், எதிரி எந்தப் பக்கமாக ஏறியிருப்பான் என்று. நியாயமான கேள்விகள்தான். 16ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்ம நாயக்கர் காலத்தில் எழுந்த இந்தக் கருங்கல் கோட்டையைப் பிடிக்க சிவாஜியின் படை பட்ட பாடு கொஞ்சமல்ல. எதிரே இருந்த மலைகளில் சாஜ்ரா, கோஜ்ரா என்று புதுக் கோட்டைகளைக் கட்டிக்கொண்டு ஓராண்டுக்கும் மேல் காத்துக் கிடந்து, 1678இல்தான் உள்ளே நுழைந்தது. நூறு வருஷம் கழித்து ஹைதர் அலி முற்றுகையிட்டார். அவராலும் பிடிக்க முடியவில்லை.

அப்பேர்ப்பட்ட கோட்டை 1806 ஜூலை 10 அன்று பொழுது விடிவதற்குள் கைமாறியது. யாரும் அகழியை நீந்தவில்லை, மதிலில் ஏணி சாத்தவில்லை. அதைக் காவல் காத்த சிப்பாய்களே எழுந்தார்கள்.

காரணத்தைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தொப்பியை அணிய வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது. பசுத்தோலோ என்று இந்துக்கள் அஞ்சினார்கள். பன்றித்தோலோ என்று முஸ்லிம்கள் அஞ்சினார்கள். மாட்டேன் என்றவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பத்தை இங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். அதனால் கலகம் அரண்மனைச் சதி என்று எழுதியவர்கள் உண்டு. திப்புவின் புலிக்கொடி ஏறியது உண்மை. ஆனால் மனம் நொந்த சிப்பாய்கள் இல்லாமல் எந்த இளவரசனும் அந்தக் கொடியை ஏற்றியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

அன்று காலையே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். பீரங்கியால் வாயில் கதவு தகர்ந்தது. சிப்பாய்களில் சுமார் நூறு பேரை ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பதவி இழந்து ஊர் திரும்பினார். முதலில் மறுத்தவர்களின் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு தரப்பிலும் அத்தனை உயிர் போயிருக்காது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருந்துகொண்டு இதை எழுதுகிறவர் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் இழிவான பொருள் அல்ல. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதே அதனால்தான். தோலைத் தொட்டு வேலை செய்பவரைத் தள்ளி நிறுத்திய ஊர்தான் வெட்கப்பட வேண்டும். 1806இன் குற்றம் தோலில் இல்லை. ஒருவன் தலையில் எதை வைப்பது என்பதை அவனைக் கேட்காமல் முடிவு செய்ததிலும், வாய் திறந்தவனை அடித்ததிலும் இருந்தது.

இதே கோட்டையில் இன்னொரு சிறைவாசி இருந்தார். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தவர். கண்டிக்கு மலையும் காடுமே மதில். 1803இல் அங்கே புகுந்த ஆங்கிலப் படை அழிந்தது. 1815இல் அதே கண்டி ஏறக்குறைய சண்டையே இல்லாமல் விழுந்தது. மலை அப்படியேதான் நின்றது. மன்னரின் கொடுமையால் வெறுத்துப்போன பிரதானிகள் ஆங்கிலேயர் பக்கம் போயிருந்தார்கள். வேலூருக்குக் கொண்டுவரப்பட்டவர் 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வர வேண்டும்.

ஆட்கள் விலகினால் எந்தக் கோட்டையும் நிற்காது என்பதை ஒரு ஜப்பானியக் கோட்டையின் கதையும் சொல்கிறது. காய் நாட்டுத் தலைவர் தகேதா ஷிங்கென் தன் காலத்துப் பெரும் படைத்தலைவர்களில் ஒருவர். ஆனால் அவர் வாழ்ந்தது அகழி சூழ்ந்த ஒரு மாளிகையில்தான். மகன் கட்சுயோரி 1581இல் ஷின்பு என்ற புதுக் கோட்டையைக் கட்டினார். மறு வருஷமே, ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப்போக, தன் கையாலேயே அதற்குத் தீ வைத்துவிட்டு வெளியேற நேர்ந்தது. இன்று அங்கே இருப்பது மண்மேடும் அகழித் தடமும்தான்.

கல்லுக்கு விசுவாசம் கிடையாது. நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், நவாப், கம்பெனி என்று உள்ளே யார் இருந்தாலும் வேலூர் மதில் அவர்களுக்காக நின்றது. உண்மையில் மதிலாக இருந்தவன் அதன்மேல் நின்ற ஆள். மாதச் சம்பளத்துக்கு அவன் கையை வாங்கலாம், உடம்பை வாங்கலாம். விடியற்காலை இருட்டில் அவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்பான் என்பதை வாங்க முடியாது. அது, அவனை மனிதனாக நடத்தியதற்கு அவன் தரும் பதில்.

இந்த வட்டாரத்தை இன்று தாங்கி நிற்பவர்கள் யார்? விடிந்ததும் விடியாததுமாக ஷூ கம்பெனிப் பேருந்துகளில் ஏறும் பெண்கள்; தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்யும் ஆட்கள்; அந்தப் பதனிடும் கழிவு கலந்த கிணறுகளோடு காலம் தள்ளிய பாலாற்றங்கரை விவசாயிகள். கேட்க ஆளில்லாமல் வேலூர்க் குடிமக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய 1996ஆம் வருஷத் தீர்ப்பு அவர்கள் போட்ட வழக்கில் வந்ததுதான். அதற்கும் பிறகு, 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைத் தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கோட்டை மதிலில் செடி முளைத்தால் பிடுங்க ஆள் வருகிறது. அந்தத் தொட்டிச் சுவரையும் யாராவது அப்படிப் பார்த்திருக்க வேண்டும்.