வருஷக் கடிதத்தில் எதை எழுதுவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வேலை தலைக்குமேல் கிடக்கும். முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் மாவு திரிக்க வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டும், கேரல் ரவுண்ட்ஸ் வரும் இரவில் எத்தனை பேர் வந்தாலும் கொடுக்கக் காப்பி தயாராக இருக்க வேண்டும். இதற்கு நடுவில் கடிதமும் எழுத வேண்டும். தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அந்த வருஷம் வீட்டில் நடந்ததைச் சொல்லும் கடிதம். முன்பெல்லாம் நீல இன்லேண்ட் லெட்டரில் மடிக்கும் ஓரம்வரை நெருக்கி எழுதியது. இப்போது குடும்பப் படம் ஒன்றோடு வாட்ஸ்அப்பில் போகிறது.

நடை மட்டும் மாறவே இல்லை. ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்து, அவர் கிருபையால் நாங்கள் யாவரும் சுகம் என்று ஒரு வரி. பிறகு மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குப் பேறுகாலம் நல்லபடி முடிந்தது, வீட்டுக்கு மேல்மாடி கட்டினோம். கடைசியில் உங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நடையில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்லப் பழகிய மனிதர்கள் எழுதியது இது. ஆனால் அப்படி எழுத முடியாத வருஷத்தை என்ன செய்வது என்ற கேள்வி பல டிசம்பர்களாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இந்தக் கடிதத்துக்கென்றே ஒரு பழைய வருகைப் பதிவேட்டை வைத்திருந்தார். பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டிய கட்டங்களில் மாதவாரியாக வீட்டுச் செய்தி இரண்டு மூன்று வரி இருக்கும். என் தம்பி மஞ்சள்காமாலையில் படுத்த வருஷம், பதிவேட்டைப் பார்த்து அவர் கடிதம் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சின்னவன் இன்னும் எழுந்திருக்கவில்லை, ஜெபித்துக்கொண்டே இருக்கிறோம், பயமாகவும் இருக்கிறது என்று எழுதினார். வாசித்துப் பார்த்த அத்தை, "பயமா இருக்குன்னு எழுதலாமா அண்ணே? விசுவாசம் இல்லைன்னு நெனைக்க மாட்டாவளா?" என்றாள். அப்பா பேனாவைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கடிதத்திலும் அதையே எழுதினார்.

அந்த வருஷம் வந்த பதில்களை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். மதுரையிலிருந்து அப்பாவோடு படித்த ஒருவர் கீழாநெல்லியை எப்படி அரைத்து எதில் கலக்கிக் கொடுப்பது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். இன்னொருவர் மணியார்டர் அனுப்பி, கீழே சிறிய இடத்தில் பழம் வாங்கிக் கொடுக்கும்படி எழுதியிருந்தார். தம்பி பிழைத்துக்கொண்டான். அவன் பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தக் கடிதம் சரியான கடிதம்தான் என்று நான் நம்புகிறேன்.

அத்தையின் பயம் அவளுடையது மட்டுமல்ல. எங்கள் சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. வருஷக் கடைசியில் அது நீண்ட நேரம் நடக்கும். நோய் தீர்ந்தவர்கள், கடன் அடைந்தவர்கள், பல வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். கேட்கக் கேட்க மனம் நிறையும். ஆனால் டயாலிசிஸுக்கு வாரந்தோறும் போய்வருகிறவர் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை. அவர் கதை இன்னும் முடியவில்லை. முடியாத கதையைச் சொல்ல அங்கே இடம் வைக்கவில்லை. பதில் கிடைத்த ஜெபத்தை மட்டுமே பேசிப் பேசி, கிடைக்காதவர்கள் ஏதோ குற்றம் செய்தவர்கள்போலத் தலைகுனியும்படி ஆக்கிவிட்டோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஏனென்றால் நாங்கள் கையில் வைத்திருக்கும் வேதம் அப்படிப்பட்ட புத்தகமே அல்ல.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை முடித்ததையும் விசுவாசத்தைக் காத்துக்கொண்டதையும் பற்றிய அந்த வசனத்தை நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் கல்லுக்குக் கல் பொறித்து வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்தாற்போல் இருப்பதை யாரும் பொறிப்பதில்லை. தேமா தன்னை விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான் என்கிறார் பவுல். துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார். புஸ்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்குள் வந்துவிடு என்கிறார். சிறையில் குளிர் வரப்போகிறது, முதியவருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது வேண்டும்.

அதே இடத்தில் இன்னொரு சிறிய செய்தி: துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தேன். இந்த வரியில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பவுல் தொட்ட உருமால்களைக் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டாலே சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அப்படிப்பட்டவர் தன் சொந்தக் கூட்டாளியைச் சுகமில்லாமல் வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தேவ சித்தம் என்றுகூட எழுதவில்லை. துரோப்பீமுவைத் தீமோத்தேயுவுக்கும் தெரியும், அவன் எங்கே என்று கேட்பான், அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டார். கடைசிவரை அவன் பிழைத்தானா என்பது நமக்குத் தெரியாது. விசுவாசத்தின் உச்சியில் நின்று எழுதிய கடிதத்தில் ஒரு நோயும் ஒரு பிரிவும் ஒரு மேலங்கியும் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதே எனக்கு ஆறுதல்.

தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சபையின் கதையே கடிதங்களில்தான் தொடங்குகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஜெர்மனிக்கு எழுதி அனுப்பியவை ஹாலே நகரில் தொடர்ந்து அச்சாகி, காணிக்கை அனுப்பியவர்களின் வீடுகளில் வாசிக்கப்பட்டன. தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் தளபதி அவரை 1708 கடைசியில் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். அந்தச் சிரமங்களெல்லாம் கடிதங்களில் உண்டு. ஆனால் ஹாலேயில் அவை அப்படியே அச்சேறவில்லை, வாசகர்களுக்கு எது தகும் என்று பார்த்து வெட்டியும் திருத்தியுமே வெளியிட்டார்கள். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை அச்சிடவே மறுத்துவிட்டார்கள், அது 1867-இல்தான் சென்னையில் அச்சு கண்டது. காணிக்கை தருகிறவர்கள் மனம் கலங்கக் கூடாது என்ற அந்தக் கவலை நியாயமானதாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் அன்று வெட்டுப்பட்டவற்றைத் தேடித்தான் இன்று ஆராய்ச்சியாளர்கள் ஹாலேக்குப் போகிறார்கள். டிசம்பரில் பேனா எடுக்கும் ஒவ்வொருவர் மனதிலும் அந்த ஹாலே பதிப்பாசிரியர் உட்கார்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது வேஷத்துக்குத்தான் பையன்களிடையே போட்டி. கிரீடமும் மீசையும் வைத்து உறுமிவிட்டுப் போவான். சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்துப் பணிந்ததும் திரை விழுந்துவிடும். மத்தேயு அங்கே நிறுத்தவில்லை. பெத்லகேமில் குழந்தைகளை இழந்த தாய்மார் அழுகிற சத்தமும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது, கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடுகிற குடும்பமும் அதற்குள்தான். சபையின் காலண்டரிலும் கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, அந்தப் பிள்ளைகளை நினைக்கும் நாள். நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

தென்கோடியில் இருப்பவர்களால் அதிக தூரம் தாண்ட முடிவதில்லை. 2004-இல் கிறிஸ்மஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை குளச்சலிலும் மணக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஊருக்குள் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபின் வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து வீடுகளில் அந்தக் கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, பல வீடுகளில் அடக்கம் செய்ய உடல்கூட வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தாமிரபரணிக் கரையில் பெய்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏரல் பக்கத்து உறவினர் வீட்டில் கிறிஸ்மஸுக்கு எடுத்துவைத்த புதுத் துணி, மாவு, அரிசி எல்லாம் சேறு. அந்த வாரம் அவர்களிடமிருந்து வந்த வாழ்த்தில் வேறொன்றும் இல்லை: உயிரோடு இருக்கிறோம், குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிட்டது, பிறந்தவருக்கு ஸ்தோத்திரம். எனக்கு வந்த கிறிஸ்மஸ் கடிதங்களில் அதற்கு மேலான ஒன்றை நான் வாசித்ததில்லை.

ஆனால் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவதும் சரியில்லை. என் வலி எனக்குச் சொந்தம், என் வீட்டாரின் வலி எனக்குச் சொந்தமில்லை. இந்த வருஷம் என் தங்கை மகள் புகுந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள். எங்களுடன்தான் இருக்கிறாள். கடிதம் எழுத உட்கார்ந்தபோது இதை என்ன செய்வது என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "அந்தப் பேச்சே வேண்டாம், நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றாள் அம்மா. "ஜெபக் குறிப்பாப் போட்டுருவோம்" என்றாள் தங்கை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எத்தனை வீட்டு விஷயங்கள் ஊரெல்லாம் போயிருக்கின்றன என்பதைப் பார்த்தவள் நான். அதனால் தங்கை மகளையே கேட்டேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலை நிறுத்தாமலே சொன்னாள்: "என்னை விட்டுட்டு எழுதினா நான் செத்துப்போனவ மாதிரி இருக்கும் பெரியம்மா. நான் இங்கே இருக்கேன்னு எழுதுங்க. பி.எட். சேர்ந்திருக்கேன்னு எழுதுங்க. ஏன் வந்தேன்கிறதை எழுத வேண்டாம்."

அவள் சொன்னபடியே எழுதினோம். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் இத்தனை காலம் யோசித்ததற்கு அவளைவிடத் தெளிவாக யாரும் வழி காட்டியதில்லை. குடும்பப் படத்தில் அவள் நடுவில் நிற்கிறாள்.

இந்தக் கடிதம் மேலப்பாளையத்தில் இருக்கும் என் பள்ளித்தோழிக்கும் போகிறது. நோன்புக் கஞ்சி அவள் வீட்டிலிருந்து வரும், முந்திரிக்கொத்து இங்கிருந்து போகும். அவளுக்கென்று இயேசுவின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு கடிதம் எழுதலாம் என்று மருமகன் சொன்னான். நாகரிகமான யோசனைதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணவர் இறந்தபின் அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் தொழுகைதான் தன்னை நிற்க வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதை எனக்காக அவள் மறைத்திருந்தால் அவளைப் பாதிதான் தெரிந்திருப்பேன். நானும் எதை நம்பி நிற்கிறேன் என்று அவளிடம் சொல்கிறேன். அவளை இழுப்பதற்காக அல்ல, எங்கள் சிநேகத்துக்கு அவ்வளவு தாங்கும் பலம் இருக்கிறது என்பதற்காக. இரண்டு பேருக்கும் ஒரே கடிதம், ஒரே வரிகள்.

கடிதம் போன மூன்றாம் நாளே பதில்கள் வரத் தொடங்கின. வழக்கமாக வாழ்த்து அட்டைப் படத்தோடு எல்லோரும் சுகம் என்று ஒரு வரி மட்டும் அனுப்புகிற கோயம்புத்தூர் சிநேகிதி இந்தத் தடவை இரவு வெகுநேரம் கழித்து நீளமாக எழுதியிருக்கிறாள். அவள் மகன் குடியை விட முடியாமல் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறானாம், இரண்டு வருஷமாகவே இப்படித்தானாம். வருஷா வருஷம் வந்த அந்த ஒரு வரியை நம்பித்தான் நானும் இருந்தேன். ஜனவரியில் அவனை வீட்டுக்கு அனுப்புவார்கள், அப்போது நீ வந்து ஒரு வாரம் இருப்பாயா என்று கேட்டிருக்கிறாள். பத்தாம் தேதிக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். தங்கை மகளும் வருகிறாள்.