இன்னும் ஒரு வாய்

எங்கள் வீட்டில் சில மாதங்களாக இரவு எட்டு மணி என்பது சாப்பாட்டு வேளையாக இல்லை. வழக்கு விசாரணை வேளையாக இருந்தது. குற்றவாளி என் பேத்தி. வயது இரண்டரை. குற்றம், சாப்பிட மறுத்தது. மருமகள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பாள். மகன் கைபேசியில் ஏதோ பொம்மைப் படத்தை ஓட விட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடிப்பான். என் மனைவி பூச்சாண்டியைக் கூப்பிடுவாள். அவன் செல்லுபடியாகாத நாட்களில் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். நல்ல மனிதர், பாவம். இன்றும் அவர் படியிறங்கி வந்தால் குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். எல்லாம் முடிந்து பெரியவர்கள் உட்காரும்போது ஒன்பதரை ஆகிவிடும். ரசம் ஆறியிருக்கும். யாருக்கும் யாரோடும் பேசப் பிடிக்காது.

அவள் ஒன்றும் உபவாசம் இருக்கவில்லை. தயிர்சாதம் சாப்பிடுவாள், அப்பளம் சாப்பிடுவாள், தோசையில் ஓரத்து முறுகலை மட்டும் பிய்த்துத் தின்பாள். பச்சையாக ஏதாவது கண்ணில் பட்டால், அது கறிவேப்பிலைத் துணுக்காக இருந்தாலும், அன்றைக்கு அந்தக் கிண்ணம் தள்ளுபடி.

ஒரு நாள் நான் தலையிட்டேன். நாற்பது வருஷமாக மனித மனத்தைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு இரண்டரை வயது மனம் என்ன பிரமாதம் என்று ஓர் எண்ணம். கீரையும் பருப்பும் போட்டு, நெய் விட்டுப் பிசைந்த சாதத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, யானை தும்மினால் எப்படியிருக்கும் என்று செய்து காட்டினேன். அவள் வாய் விட்டுச் சிரித்தாள். சிரிப்புக்காகத் திறந்த வாயில் உருண்டையைப் போட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு உருண்டையை நிதானமாக என் வேஷ்டியில் துப்பினாள். புரையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. ஆனால் என்னை அதைவிட உறுத்தியது மறுநாள் நடந்தது. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு நாள் அப்படித்தான் சிரித்தாள்.

நான் செய்தது என்ன? என் சிரிப்பைப் பயன்படுத்திக்கொண்டு எனக்கு வேண்டாத ஒன்றை யாராவது என்மேல் திணித்தால் அதை வஞ்சகம் என்பேன். குழந்தையிடம் செய்தால் அதற்கு அன்பு என்று பெயர். ‘உன் நன்மைக்காகத்தான்’ என்கிறோம். இந்த வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் பெரும்பாலும் கையில் எதையாவது ஓங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம் வீடுகளில் சாப்பாட்டுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. விருந்தாளி ‘போதும்’ என்று இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்தால், அதற்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று அர்த்தம். பரிமாறுகிறவருக்கும் தெரியும், சாப்பிடுகிறவருக்கும் தெரியும். இது இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். குழந்தைக்கு இந்த ஆட்டம் தெரியாது. அவள் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அந்தச் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்று தினம் மூன்று வேளை கற்றுக்கொடுத்துவிட்டு, இவளே இருபது வயதில் தனக்குப் பிடிக்காத ஒன்றை எவனாவது வற்புறுத்தும்போது உறுதியாக ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கப் போகிறோம்.

‘அப்படியானால் பட்டினி கிடக்கட்டும் என்கிறீர்களா?’ என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடப் போனபோதுதான் நான் தெரிந்துகொள்ளாமல் இருந்த சில விஷயங்கள் தெரிந்தன. முதல் வருஷத்தில் குழந்தை பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிறது. இரண்டாம் வருஷத்தில் ஏறுவது சுமார் இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் நிதானப்படுகிறது. அது குழந்தையின் வயிற்றுக்குத் தெரிகிறது, பாட்டிக்குத் தெரிவதில்லை. போதாததற்கு, தெரியாத பண்டத்தைக் கண்டு மிரள்வதும் இந்த வயதின் சுபாவம். ஒரு புதுக் காய் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில குழந்தைகள் கையை நீட்டுகின்றன. நாம் மூன்றாவது தடவையே ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். (எடை குறைகிற குழந்தை, விழுங்கவே சிரமப்படுகிற குழந்தை ஆகியோரைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களை டாக்டரிடம் காட்ட வேண்டும்.)

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் டாக்டர் 1926இல் ஒரு காரியத்தைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த குழந்தைகள், மொத்தம் பதினைந்து பேர். முப்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகளிலிருந்து வேளைக்குச் சிலவற்றைத் தட்டில் வைத்து, எதைத் தின்பது, எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தைகளிடமே விட்டுவிட்டார். நர்ஸுகள் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; ஆனால் குழந்தை கையை நீட்டினால் ஒழிய ஊட்டக்கூடாது, முகத்தைக்கூட மாற்றக்கூடாது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு தினுசாகத் தின்றது; எல்லாம் நன்றாக வளர்ந்தன. எலும்பு பலமில்லாமல் வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே அவ்வப்போது குடித்து வந்தது. எலும்பு தேறியதும் அதைத் தொடவில்லை. இதிலிருந்து குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சூட்சுமம் பட்டியலில் இருந்தது என்று டேவிஸே சொல்லிவிட்டார். அதில் சர்க்கரை இல்லை, பலகாரம் இல்லை. எல்லாம் சாதாரணமான நல்ல உணவு. அதாவது தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் பொறுப்பு. அதில் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது உண்கிறவரின் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினையில் எல்லைக்கல்லைத் தாண்டுவது எப்போதும் நாம்தான்.

இது இன்று நேற்றுத் தொடங்கின வழக்கும் அல்ல. நற்றிணையில் 110ஆம் பாட்டைப் பாருங்கள். போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பூச்சுற்றிய கோலை ஓங்கி, நரைத்த செவிலிகள் ஒரு சிறுமியைத் துரத்துகிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடிவிடுகிறாள். கிழவிகளுக்கு மூச்சு வாங்குகிறது. அதே பெண் கல்யாணமாகிப் போன வீட்டில் வறுமை வந்தபோது, தகப்பன் வீட்டுச் சோற்றை நினைத்துக்கூடப் பார்க்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். அறியாப் பிள்ளை இப்படி மாறிவிட்டாளே என்று வியப்பதாகத்தான் படித்தவர்கள் பொருள் சொல்வார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. மாறவில்லை. அன்று பொற்கிண்ணத்தை வேண்டாம் என்றவள்தான் இன்று தகப்பன் வீட்டுச் சோற்றையும் வேண்டாம் என்கிறாள். செவிலிகளுக்கு மூச்சு வாங்காமல் இருந்திருந்தால் இந்தப் பெண் நமக்குக் கிடைத்திருப்பாளோ, என்னவோ.

இதையெல்லாம் நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்ததை எங்கள் வீட்டில் சமையல் செய்கிற அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பையன். ‘எங்க வீட்டுல மிச்சம் இருந்தாத்தானே சார் அடம் பிடிக்கும்?’ என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வேளை நிச்சயம் என்று தெரிந்த வயிறுதான் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும், உண்மை. சொல்ல முடியாத வீடுகள் இருக்கின்றன என்பதற்காக என் பேத்தியின் வாயைத் திறந்து திணித்தால் அந்த வீடுகளில் ஒரு பிடி அதிகமாகிவிடாது, அதுவும் உண்மை. ஆனாலும் அவள் கேட்ட கேள்வி இதனால் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு, ‘அவனும் கத்திரிக்காயை மட்டும் நான் பார்க்காதப்ப என் தட்டுல தள்ளிடுவான்’ என்றாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தாயார் கடைசி மாதத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ‘ஒரே ஒரு வாய், அம்மா’ என்று கெஞ்சுவேன். எனக்காக வாங்கிக்கொள்வாள். விழுங்க அவள் பட்ட சிரமத்தை நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த கரண்டியை எடுத்தேன். அந்தக் கஞ்சி யாருடைய பசிக்கு? என் கண் முன்னால் அவள் சாகக்கூடாது என்ற என் பசிக்கு. இத்தனை வருஷம் கழித்து, ஒரு குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோதுதான் அந்த இறுகிய உதடு நினைவுக்கு வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கே எல்லாரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்துவிடுகிறோம். கைபேசிகள் அலமாரியில். அவளுக்கும் ஒரு தட்டு. எங்களுக்கு உள்ளதெல்லாம் அதிலும் துளித் துளியாக இருக்கும். தயிர்சாதம் கட்டாயம் இருக்கும். அவளைத் தனியாக யாரும் கவனிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். இதைவிடக் கடினமான விரதத்தை நான் அனுஷ்டித்ததில்லை. என் மனைவி சாம்பார் கரண்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு பார்ப்பது எனக்குத் தெரியும். நான் தம்ளரின் விளிம்புக்கு மேலாகப் பார்ப்பது அவளுக்கும் தெரியும். சில நாள் குழந்தை நாலு வாயோடு எழுந்துவிடுகிறாள். எழுந்து போகட்டும் என்று சொல்லிவிட்டுத் தூக்கம் வராமல் புரண்ட இரவுகளும் உண்டு.

போன வாரம் என் தட்டில் கையை விட்டு, சாம்பாரிலிருந்து ஒரு பூசணிக்காய்த் துண்டை எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நக்கினாள். மறுபடி என் தட்டிலேயே வைத்துவிட்டு, கையை என் வேஷ்டியில் துடைத்துக்கொண்டாள்.

‘சாப்பிட்டாளா, மாமா?’ என்று சமையல் உள்ளிலிருந்து மருமகள் கேட்டாள்.

‘நக்கினாள்’ என்றேன்.