பற்றறக் கேட்டல்

மகாவம்சம் புத்தரின் காலடி பட்டதாகச் சொல்லும் ரஜமகா விகாரை களனியில் இருக்கிறது. 1875இல் வித்தியாலங்காரப் பிரிவெனாவாகத் தொடங்கி 1959இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடமும் அங்கேதான். 1969 முதல் செப்புக் கம்பிக்கு உறையிட்டு நாட்டின் வீடுகளுக்கு அனுப்பிவரும் களனி கேபிள்ஸ் தொழிற்சாலையும் அதே ஊரில் வெவெல்துவவில் நிற்கிறது. இந்த மூன்றையும் ஒருசேர நினைக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. உயர்தர ஒலிக்கருவிகளுக்கென்று இலட்சக்கணக்கான ரூபாய் விலையில் விற்கப்படும் ஸ்பீக்கர் கம்பிகள், சாதாரணக் கம்பியைவிட இனிமையான ஒலியைத் தருகின்றனவா? வாங்கியவர்களில் பலர் தருகின்றன என்கிறார்கள். திரை விலகியதுபோல் பாடகரின் மூச்சுவரை கேட்கிறது என்று மனதாரச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டேன் என்பதும், அதற்குக் காரணம் கம்பிதான் என்பதும் இரு வேறு கூற்றுகள். இரண்டாவது கூற்றை அறிவென்று ஏற்க வேண்டுமானால் பற்றை விலக்கிக் கேட்டிருக்க வேண்டும். எந்தக் கம்பி என்று தெரியாமல் கேட்கும் சோதனை அதற்கான எளிய வழி. சமய மரபுகள் மெய்யுணர்வுக்கு விதித்த நிபந்தனையும் இதற்கு வெகு நெருக்கமானது என்பதே என் வாதம்.

முதலில் கம்பியால் என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். ஒலி அலைவரிசைக்குள், சில மீற்றர் நீளத்தில், ஒரு கம்பியின் குணத்தைத் தீர்மானிப்பவை அதன் மின்தடை, மின்தேக்கம், மின்தூண்டம் ஆகியவை. இவற்றில் ஸ்பீக்கர் கம்பிக்குப் பெரிதும் முக்கியமானது மின்தடை. வீட்டில் பிளக் பொயின்றுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை மூன்று மீற்றர் தூரத்துக்குப் போகவும் வரவும் இழுத்தால் மொத்தத் தடை ஏறத்தாழ 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறையும் ஒலி 0.05 டெசிபலுக்கும் கீழே. கூர்ந்து கேட்கும் செவிக்கும் அது எட்டாது. அதே தூரத்துக்கு 0.2 சதுர மில்லிமீற்றர் கம்பியைப் போட்டால் தடை அரை ஓமைத் தாண்டும். இழப்பு அரை டெசிபலாகும். ஸ்பீக்கரின் தடை சுருதிக்குச் சுருதி மாறுவதால் அந்த இழப்பும் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இராது; ஒலியின் நிறமே சற்று மாறக்கூடும். ஆகவே கம்பியால் வேறுபாடே வராது என்பது தவறு. தேவைக்கு மெலிந்த கம்பி ஒலியைக் கெடுக்கும். தேவையான பருமனை எட்டிய பிறகு விலையைக் கூட்டுவதால் அதைவிடத் திருத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

கணக்கைவிடக் காதைத்தான் நம்புவோம் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவியூ’ இதழ் 1983 ஆகஸ்டில் லோரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய சோதனையை வெளியிட்டது. மெல்லிய கம்பி, சாதாரணத் தடித்த கம்பி, விலையுயர்ந்த மொன்ஸ்டர் கம்பி ஆகியவற்றை, எது ஓடுகிறது என்று தெரியாத நிலையில் கேட்டுப் பார்த்தார்கள். சோதனைக்கான இரைச்சலொலியில் மெல்லிய கம்பியைக் காது இனங்கண்டது. இசையைப் போட்டபோது சாதாரணத் தடித்த கம்பியையும் விலையுயர்ந்த கம்பியையும் பிரித்தறிய முடியவில்லை. 2007இல், அற்புதக் கூற்றுகளைச் சோதித்துவந்த ஜேம்ஸ் ராண்டி, 7,250 டொலர் விலையுள்ள ஒரு சோடிக் கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து காதால் மட்டும் வேறுபடுத்திக் காட்டுபவருக்குத் தமது பத்து இலட்சம் டொலர் பரிசைத் தருவதாக அறிவித்தார். ஒரு பிரபல ஒலிக்கருவி விமர்சகர் முன்வந்தார். கம்பியைச் செய்த நிறுவனம் விலகிக்கொண்டது. சோதனை நடக்கவே இல்லை. நடக்காத சோதனை எதையும் நிறுவாது. ஆனால் வேறுபாடு உண்டென்று நிறுவும் பொறுப்பு அதை விற்பவருடையது. அந்தப் பொறுப்பு இன்னும் நிறைவேற்றப்படாமல் கிடக்கிறது.

அப்படியானால் நேர்மையான மனிதர்கள் இல்லாத வேறுபாட்டை எப்படிக் கேட்கிறார்கள்? 1976இல் மக்கர்க், மக்டொனல்ட் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம். ஒருவரின் வாய் ‘கா’ என்று அசைவதைக் காட்டி, ‘பா’ என்ற ஒலியை அதனோடு ஓடவிட்டால், பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் ‘டா’ என்று கேட்கிறார்கள். உண்மையை விளக்கிச் சொன்ன பிறகும் அப்படியே கேட்கிறது. கண்ணை மூடினால்தான் ‘பா’ திரும்பி வருகிறது. கேட்டல் என்பது காதோடு முடியும் வேலை இல்லை. நம் சைவ சித்தாந்தம் இதை வேறு வழியாக எட்டியிருந்தது. அறிவது உயிர், செவி அதன் கருவி மட்டுமே. சிவஞான சித்தியார் தன் கொள்கையை நிறுவப் புகுமுன் அளவைகளை வகுத்துக்கொள்கிறது. காட்சியைப் பேசும் இடத்திலேயே ஐயக்காட்சியையும் திரிவுக்காட்சியையும் பிரித்துக் காட்டுகிறது. நேரில் உணர்ந்தேன் என்பதே போதுமென்று அதன் ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் நினைத்திருந்தால் இந்தப் பிரிவுக்குத் தேவையே இருந்திராது.

இங்கே மிகக் கனமான ஒரு மறுப்பு எழும். களனி விகாரையில் போற்றப்படும் அதே புத்தர் காலாமர் என்னும் மக்களுக்குச் சொன்னது என்ன? மரபென்றோ, நூலில் உள்ளதென்றோ, தருக்கத்துக்குப் பொருந்துகிறதென்றோ, சொன்னவர் நம் குரு என்றோ எதையும் ஏற்க வேண்டாம், நீங்களே அறிந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதானே? நானே கேட்டேன் என்பவர் அந்த வழியைத்தானே பின்பற்றுகிறார்? காலாம சூத்திரத்தின் முற்பாதியோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். பிற்பாதியில் புத்தர் ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றையும் பற்றிக் காலாமர்களிடம் கேட்கிறார். இவற்றால் ஆட்கொள்ளப்பட்ட மனம் தீமைக்கே போகிறது என்று அவர்களையே சொல்ல வைக்கிறார். தானே அறிவது என்பதற்குள் தன் மனத்தின் நிலையையும் அறிவது அடங்கியிருக்கிறது. பெரும் பணம் கொடுத்து வாங்கிய கம்பியை, அதன் பளபளப்பையும் முத்திரையையும் பார்த்தபடி கேட்கும் மனம் ஆசை நீங்கிய மனமாக இருக்க முடியாது. வீண்செலவு செய்துவிட்டேனோ என்ற அச்சமும் அங்கே சேர்ந்திருக்கும். வள்ளுவர் மெய்யுணர்தல் அதிகாரத்தைத் துறவுக்கும் அவாவறுத்தலுக்கும் நடுவே வைத்தார். மெய்யை உணர்வதற்குக் கூர்மையான புலன் மட்டும் போதாது, பற்றின் பிடியும் தளர வேண்டும் என்பதை அந்த வைப்புமுறையே உணர்த்துகிறது. கம்பியின் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுக் கேட்பவர், சில நிமிடங்களுக்கேனும் அந்தப் பற்றுக்கு உணவில்லாமல் செய்கிறார்.

வேறு மறுப்புகளும் உண்டு. சோதனை என்றவுடன் மனம் பதறுகிறது, நுண்மை மழுங்குகிறது என்பார்கள். ஆனால் மெல்லிய கம்பியின் குறையைக் காட்டிக்கொடுத்ததும் இதே முறைதான். ஆகவே முறை செவிடானதில்லை. அவசரமும் தேவையில்லை. வீட்டிலேயே, பழகிய பாட்டோடு, நாள்கணக்கில் கேட்கலாம். எந்தக் கம்பி மாட்டியிருக்கிறது என்பதை மட்டும் வேறொருவர் அறிந்திருந்தால் போதும். கருவிகளால் அளக்க முடியாத குணங்கள் ஒலிக்கு உண்டு என்பது இன்னொரு மறுப்பு. இருக்கட்டும். இந்தச் சோதனையில் அளவுகருவி எதுவும் இல்லை. காது ஒன்றே நீதிபதி. அளக்க முடியாத ஒன்று காதுக்கு எட்டுமானால், பெயரை மறைத்த பிறகும் எட்டத்தானே வேண்டும்?

மகிழ்ச்சி தருகிறதென்றால் விட்டுவிடுங்களேன், எல்லா நம்பிக்கையையும் இப்படி உரைத்துப் பார்த்தால் பக்தி என்னாவது என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். நம்பிக்கையை இப்படி உரைத்துப் பார்த்ததற்கு இலங்கையிலேயே முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்னர் வெள்ளவத்தைப் பக்கம் பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1963இல் அற்புதம் செய்பவர்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்வது அவர் கேட்டவற்றில் ஒன்று. 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பரிசை எவரும் வெல்லவில்லை. பிற்காலத்தில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் தலைவராக இருந்த கார்லோ பொன்சேகா, தீமிதிப்பை ஆராய்ந்து, பாதத்தோலின் தடிப்பையும் தணலில் கால் படும் நேரத்தின் குறுக்கத்தையும் காரணமாகக் காட்டினார். அதனால் தீமிதிக்கும் அடியவரின் நேர்த்தியோ, அவர் அம்மனிடம் கொண்ட உறவோ பொய்யாகிவிடவில்லை. நெருப்பு சுடாதது தெய்வச் செயல் என்பது உலகத்தைப் பற்றிய கூற்று, அதை ஆராயலாம். வாழ்வை அவளிடம் ஒப்படைக்கிறேன் என்பது அடியவர் எடுக்கும் முடிவு. அதற்குச் சோதனைச்சாலை தேவையில்லை. கம்பிக்கும் இதே எல்லை பொருந்தும். அழகான கம்பி அறையில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்பவரோடு எனக்கு வழக்கில்லை. இது ஒலியை மாற்றுகிறது, ஆகவே இவ்வளவு விலை என்று சொல்லப்படும் கணத்தில் அது இன்னொருவரின் உழைப்பைக் கேட்கும் கூற்றாகிவிடுகிறது. அந்தக் கூற்று சோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

என் முடிவு இதுதான். போதிய பருமனுள்ள, ஒழுங்காகப் பொருத்தப்பட்ட செப்புக் கம்பிக்கு மேல் செலவழிக்கும் பணம் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. காலி வீதியிலோ புறக்கோட்டையிலோ ஒரு கம்பிக்குப் பெரிய விலை சொல்லப்பட்டால், வாங்குமுன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு கம்பிகளையும் என் கண்ணில் படாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவீர்களா? மறுத்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். ஒலியை உண்மையிலேயே மாற்றுவது அது. இதே கேள்வியை மருந்தென்றும் பரிகாரமென்றும் வாக்கென்றும் நம்மிடம் விற்க வரும் எல்லாவற்றிடமும் கேட்கப் பழகுங்கள். நல்ல நம்பிக்கைக்கு இந்தக் கேள்வியால் ஒரு குறையும் வராது.