தண்டவாளம் போன வழி

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ கவுன்டியில், வெஸ்ட்போர்ட் என்ற சிறுநகரிலிருந்து அக்கில் தீவின் வாசல்வரை சுமார் 42 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகிறது. காரும் லாரியும் அதில் வருவதில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியது. 1937இல் மூடிப்போன ரயில் தடத்தை ஒட்டி, 2010இல் முதல் துண்டையும் 2011இல் மீதியையும் திறந்தார்கள். கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே என்று பெயர். கேரியரின் இருபுறமும் பை கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் அதில் போனபோது எழுதியவை இவை.

ஏற்றம்

இந்தக் கரையில் சமநிலம் அபூர்வம். மலை இறங்கி வந்து கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இடையில் கிடக்கும் கொஞ்ச நிலமும் மேடும் பள்ளமும்தான். பிரதான சாலை நிலத்தின் போக்கில் ஏறி இறங்குகிறது. பழைய ரயில் தடம் அப்படி இல்லை. ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறுகிறோம்.

நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஆகாது. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு; சரிவு கொஞ்சம் கூடினாலும் வழுக்கும். ஆகவே மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண் கொட்டி உயர்த்தினார்கள், நியூபோர்ட்டில் ஆற்றைத் தாண்ட 7 வளைவுகள் கொண்ட கல் பாலம் கட்டினார்கள். அயர்லாந்தின் நிர்வாகத்தைக் கவனித்த ஆர்தர் பால்ஃபோர் காலத்தில், 1889இல் வந்த சட்டத்தின்கீழ், வறுமையில் கிடந்த மேற்குப் பகுதிக்கு வேலையும் சந்தையும் தருவதற்கென்று அரசுப் பணத்தில் போட்ட பாதைகளில் இதுவும் ஒன்று. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கையுமாக நடந்த வேலை.

என் தொடைக்குத் தெரியாத ஏற்றத்தை யாருடைய முதுகோ முன்பே வாங்கிக்கொண்டிருக்கிறது.

காற்று

காற்றை மட்டும் யாராலும் வெட்டிச் சமன்செய்ய முடியவில்லை. இங்கே அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, கடல் கடந்து வருகிறது. அதனால்தான் அக்கிலில் தொடங்கி வெஸ்ட்போர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள், காற்று முதுகில் இருக்கும் என்று. நான் எதிர்த்திசையில் போகிறேன்.

ஏற்றத்துக்கு ஓர் உச்சி உண்டு. அதோ அந்த மரம்வரை என்று கண்ணால் குறித்துக்கொண்டு மிதிக்கலாம். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் கடந்து முடித்ததாகக் கணக்கில் வராது. கியரைக் குறைக்கிறேன், தலையைத் தாழ்த்துகிறேன். சற்று நேரத்தில் மூச்சும் மிதியும் தாமாக ஒரு தாளத்துக்கு வந்துவிடுகின்றன. எங்கே போய்ச் சேர்வது என்ற நினைப்பு கழன்றுகொள்கிறது. பொறுமை என்று நாம் புகழ்வது பல நேரம் வேறு வழியில்லாமைதான். ஆனாலும் அதற்குள் போய்ப் பார்த்தால் கொஞ்சம் இடம் இருக்கிறது.

மேட்டை வெட்டிய பள்ளத்துக்குள் பாதை நுழையும்போது காற்று அறுந்து போகிறது. இருபுறமும் பாறையும் பாசியும். சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும் என்பது அங்கேதான் கேட்டது.

காது

சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவரின் பாதி மனம் பிடரியில் உட்கார்ந்திருக்கும். பின்னால் வரும் வண்டி எவ்வளவு பெரிது, ஒதுங்குமா, ஒதுங்காதா? அந்தக் காவலுக்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது காவல் தேவைப்படாத இடத்துக்கு வந்த பிறகே தெரிகிறது.

விடுதலையான அந்தப் பாதி மனம் உடனே மலையைப் பார்க்கப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. வேலை போன காவலாளி அது. சும்மா இருக்கத் தெரியாமல் பழைய சண்டைகளை எடுத்துப் புரட்டியது. யாருக்கோ சொல்லாமல் விட்ட பதில்களைச் சொல்லிப் பார்த்தது. வண்டிச் சத்தம் இத்தனை நாள் எதையெல்லாம் மூடிவைத்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அதை விரட்டவில்லை. சொல்லி ஓய்ந்த பிறகுதான் சக்கரத்தின்கீழ் பொடிக்கல் நெரிபடும் ஓசையும், எங்கோ ஆட்டுக்குட்டி கத்துவதும், வானம்பாடி ஒன்று கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நிறுத்தாமல் பாடுவதும் வந்து சேர்ந்தன.

விரிகுடா

நியூபோர்ட் தாண்டி மல்ரானி போகும் வழியில் இடப்புறம் க்ளூ விரிகுடா. அக்கரையில் குரோ பேட்ரிக் மலை, 764 மீட்டர். ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று யாத்திரிகர்கள் ஏறும் மலை. சிலர் இன்றும் வெறுங்காலோடு ஏறுகிறார்கள்.

விரிகுடாவின் உட்பகுதி முழுக்கத் தீவுகள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 என்று ஊரார் சொல்லும் கணக்கு. பனியுகத்தில் நகர்ந்த பனித்தட்டு, களிமண்ணையும் கல்லையும் இழைத்து நீள்வட்ட மேடுகளாக விட்டுப்போனது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது தாழ்ந்த இடங்களில் தண்ணீர் புகுந்தது, மேடுகள் தீவுகளாயின. இப்போது அலை அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. கடலைப் பார்த்த பக்கம் மண்சுவர் செங்குத்தாக அறுபட்டு நிற்கிறது. கரையைப் பார்த்த பக்கம் புல் சரிந்து இறங்குகிறது. ஒரே தீவுக்கு இரண்டு முகம். பாதையிலிருந்து நமக்குத் தெரிவது பெரும்பாலும் பச்சை முகம்.

இரண்டு ரயில்கள்

17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில் வாழ்ந்த பிரையன் ருவா என்பவர், நெருப்பும் புகையும் கக்கிக்கொண்டு இரும்புச் சக்கர வண்டிகள் அக்கிலுக்கு வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணம் சுமந்து வரும் என்று சொல்லிவைத்ததாக ஊர்க்கதை.

1894 ஜூன் மாதம். உருளைக்கிழங்கு அறுவடைக் கூலி வேலைக்கு ஸ்காட்லாந்து போகும் நீராவிக் கப்பலைப் பிடிக்க, அக்கிலின் இளம்பெண்களும் ஆண்களும் பாய்மரப் படகில் நெருக்கியடித்து வந்தார்கள். வெஸ்ட்போர்ட் துறைக்கு அருகே படகு கவிழ்ந்தது. 32 பேர் இறந்தார்கள். ரயில் பாதை அப்போது இன்னும் முறையாகத் திறக்கப்பட்டிருக்கவில்லை. உடல்களை ஊர் சேர்க்க ஒரு தனி ரயிலை விட்டார்கள்.

1937 செப்டம்பர். ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக் ஊரில், அதே கிழங்கு வேலைக்குப் போயிருந்த அக்கில் பையன்கள் 10 பேர், படுத்திருந்த கொட்டகை தீப்பிடித்து இறந்தார்கள். அந்த உடல்களும் இந்தத் தடத்தில்தான் வந்தன. சில வாரங்களுக்குள் பாதை மூடப்பட்டது.

வாக்குப் பலித்தது என்று சொல்லிக் கதையை முடிப்பது சுலபம். அப்படி முடித்தால் ஒன்று கண்ணில் படாமல் போகும். இரண்டு கூட்டமும் போனது ஒரே வேலைக்கு. வறுமையைப் போக்க ரயில் வந்தும், இடையில் 43 ஆண்டுகள் கடந்தும், அக்கிலின் பிள்ளைகள் பிழைப்புக்குப் போக வேண்டிய வயல் மாறவில்லை. இதை முன்கூட்டிச் சொல்லத் தீர்க்கதரிசி தேவையில்லை.

இன்று இதே தடத்தில் நான் ஓய்வுக்காக வந்திருக்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வந்தேறிகள்

வேலியோரம் ஃபியூஷியா சிவப்பாகத் தொங்குகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. இப்போது மேற்கு அயர்லாந்தின் அடையாளமாகப் படங்களில் அச்சாகிறது. கொஞ்சம் தள்ளி ரோடோடென்ட்ரான் புதர். அதுவும் வெளியிலிருந்து வந்ததே. நிழல் போட்டுக் கீழே எதையும் முளைக்க விடுவதில்லை என்பதால் அதை வெட்டி அழிக்கிறார்கள். மல்ரானியில் வசந்தத்தில் பூக்கும் ஒரு வகை ஹீதர், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் காடாக வளர்வது. ஒயின் பீப்பாய்களைச் சுற்றிக் கட்டிய தழையோடு கடல்வழி வந்தது என்பார்கள். எது உள்ளூர் என்பதை வந்த தேதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்துச் செடியை வாழவிடுகிறதா என்பதையும் நிலம் பார்க்கிறது.

கரிமண்

மல்ரானிக்கு அப்பால் வீடுகள் குறைகின்றன. பழுப்பு நிறச் சதுப்பு. செத்த பாசி, மக்க முடியாமல் நீரில் ஊறி, அடுக்கடுக்காகச் சேர்ந்த மண். ஒரு மீட்டர் கனம் சேர ஏறத்தாழ 1000 ஆண்டு பிடிக்கும். அதைச் செங்கல் அளவில் வெட்டி, காற்றில் உலர்த்தி, அடுப்பில் எரித்து வந்திருக்கிறார்கள். வெட்டிய இடம் கறுப்புச் சுவராக நிற்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். என் தோள் உயரத்தில் இருந்த அடுக்கு, இந்தத் தடம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பு பச்சையாக இருந்தது. ரயில் ஓடிய காலம் முழுவதும் அந்தச் சுவரில் இரண்டு விரல்கடை அளவுதான்.

வாயில்

வழியில் பல வாயில்கள். இறங்கி, திறந்து, கடந்து, சாத்திவிட்டுப் போக வேண்டும். ஆடு வெளியேறக் கூடாது. முதலில் எரிச்சல். தாளம் கெடுகிறதே என்று.

ரயில் நின்றபின் தடத்து நிலம் அக்கம்பக்கத்து விவசாயிகளின் கைக்குப் போயிருந்தது. கவுன்டி நிர்வாகம் அதைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு நிலக்காரரிடமும் பேசிச் சம்மதம் வாங்கியது. இந்தப் பாதையில் போகும் உரிமை எனக்குப் பெரும்பாலும் இல்லை, அனுமதி இருக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்த பெரியவர் ஒருவர் ஒற்றை விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார். அவருடைய வயலுக்குள் நான் நின்றிருந்தேன்.

பாலம்

பாதை முடியும் அக்கில் சவுண்டில் தீவையும் கரையையும் இணைக்கும் பாலம். 1887இல் திறந்த முதல் பாலத்துக்கு மைக்கேல் டேவிட் பெயர் வைத்தார்கள்; இப்போதுள்ள பாலத்துக்கும் அதே பெயர். மேயோவில் பிறந்தவர் டேவிட். சிறு வயதில் அவர் குடும்பத்தைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1879இல் நிலக் கழகம் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். உழுதவரிடம் நிலம் சேர வேண்டும் என்று எழுந்த போராட்டம் அது. பின்னர் வந்த சட்டங்களால் குத்தகைக்காரர்கள் மெல்ல மெல்ல உடைமையாளர்களானார்கள்.

இந்தப் பெயரைப் பாலத்தில் படித்தபோது வாயில்களின் கணக்கு விளங்கியது. சம்மதம் கொடுக்க ஒருவருக்கு முதலில் மறுக்கும் உரிமை வேண்டும். டேவிட் பிறந்த காலத்தில் இங்கே உழுதவர்களுக்கு அது இல்லை. அவர்களைக் கேட்காமலே எல்லாம் நடந்தது. இன்று அவர்களின் வழிவந்தவர்களைக் கேட்டார்கள், அவர்கள் சரி என்றார்கள். நாளை வேண்டாம் என்று சொல்லவும் அவர்களால் முடியும். அதனால்தான் வாயிலைச் சாத்திவிட்டு வரும் அந்த அரை நிமிடத்தை இந்தப் பயணத்தின் இடையூறுகளில் நான் சேர்க்கவில்லை.