சுமைதாங்கியும் புத்தகப் பையும்

புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களை ஒட்டிச் செல்லும் சாலையில், காலை எட்டரை மணி சுமாருக்கு, இரண்டு விதமான பாரங்கள் எதிரெதிரே கடந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சும்மாடு கூட்டிப் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அம்மாள் ஒருத்தி, எதிரே வருகிறவரைப் பார்த்து, "கொஞ்சம் கை குடுப்பா" என்று சொன்னால், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கட்டை இறக்கிக் கொடுக்காதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. அவளுக்கு எதிரே, தோளில் பதிந்த வாரை இரு கட்டைவிரல்களாலும் நெம்பிப் பிடித்தபடி, முன்னுக்கு வளைந்து நடந்துவரும் எட்டு வயதுப் பிள்ளையிடம் மட்டும், 'பையைக் கொடு, கொஞ்ச தூரம் நான் கொண்டுவருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத் தோன்றுவதும் இல்லை. ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி, வைத்திய சாஸ்திரத்தைவிடத் தர்ம சாஸ்திரத்துக்கே அதிகம் உரியது என்று எனக்குப் படுகிறது.

ஆயினும் வைத்தியர்களை முதலில் கேட்டுவிடுவோம். குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கலாகாது என்பது, மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை ஏற்றுக்கொண்ட அளவு. 22 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது இரண்டு கிலோ இருநூறு கிராம்தான். அதற்கு மேற்பட்ட கனம் முதுகில் ஏறினால், பின்னால் சாய்ந்துவிடாதிருக்க உடல் முன்னுக்கு வளைகிறது, கழுத்து நீள்கிறது. ஒற்றைத் தோளில் மாட்டினால் உடம்பு ஒரு பக்கமாய் ஒடிகிறது. வார் குறுகலாக இருந்தால் தோள் வழியே ஓடும் நரம்புகள் அழுந்திக் கை மரத்துப் போவதும் உண்டு. ஆனால், பையைச் சுமந்தால் நிரந்தரமாகக் கூன் விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 69 ஆராய்ச்சிகளைச் சேர்த்துச் சீர்தூக்கி 2018-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பிள்ளைகளின் முதுகுவலிக்குப் பைதான் காரணம் என்று சொல்ல நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது. அப்படியானால் வழக்குத் தள்ளுபடிதானா? தீங்கு நிரூபணமாகவில்லை என்ற ஒன்றினாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடுமென்றால், நீதி என்ற சொல்லுக்கு நம்மிடம் வேலையே இராது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், "கல்வி தவமய்யா, தவத்தில் சரீர சிரமம் இல்லாமலா?" என்பார். கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் காவடி எடுக்கிறவன் தானே சங்கல்பம் செய்துகொண்டு எடுக்கிறான். எதற்காக எடுக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். சந்நிதி வந்ததும் இறக்கிவிடுகிறான். மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த கதையில் இறைவனே கூலியாளாகக் கூடை தூக்கினான் என்கிறோம். அவன் முதுகில் விழுந்த பிரம்படி பாண்டியன் முதல் எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது என்பதல்லவா அந்தக் கதையின் ஜீவன்? சுமப்பவனின் முதுகு மற்றவர்க்கும் முதுகாகிற அந்த இடத்தில்தான் சுமை சமயத்துக்குள் நுழைகிறது. பாடப் புத்தகம், கிளாஸ் நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, கைடு, சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில் என்று, தான் சங்கல்பிக்காத ஒன்றைத் தினமும் சுமந்து, மாலையில் இறக்கி, மறுநாளைக்கு மீண்டும் ஏற்றிக்கொள்கிற குழந்தையின் சிரமத்துக்குத் தவம் என்று பெயரிடுவது, தவத்துக்கும் மரியாதையல்ல, குழந்தைக்கும் மரியாதையல்ல.

பொருளறியாமல் கற்றவனைச் சந்தனக் கட்டை சுமக்கும் கழுதையோடு ஒப்பிடுகிறது சுஸ்ருத சம்ஹிதை. வேதம் அருளப்பட்டும் அதன்படி நடவாதவர்களை ஏடுகள் சுமக்கும் கழுதையோடு ஒப்பிடுகிறது குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம். கோயிலும், மாதா ஆலயமும், சுல்தான்பேட்டைப் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் வில்லியனூரில் வாழ்கிறவர்களுக்கு, இந்த ஒற்றுமை ஆச்சரியம் தராது. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் தம் கன்னிப்பேச்சில் குழந்தைகளின் பைச் சுமையைப் பற்றித்தான் முறையிட்டார். அதன் பின்னர் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993-ல் கொடுத்த அறிக்கையோ, பையின் கனத்தைவிடப் பெரிய பாரம் பாடம் புரியாமையே என்றது. கழுதையின் உவமையை அந்த விஞ்ஞானி அரசாங்க பாஷையில் திருப்பிச் சொன்னார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாகூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் அதற்குத் தானமாயின என்று பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. மாணாக்கனின் பாரத்தை மூன்று ஊர்கள் சுமந்தன என்று மகிழத் தொடங்கும்போதே, வரி கொடுத்த உழவனின் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடமில்லை என்ற நினைவும் வந்து நெஞ்சை உறுத்துகிறது. இன்று அந்த உழவனின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். இது சாமானியமான புண்ணியமல்ல. வந்தவர்கள் முதுகிலேயே கல்வியின் பளுவையும் ஏற்றிவிட்டோம் என்பதுதான் குறை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2018-ல் சென்னை உயர்நீதிமன்றம் பையின் கனத்தைக் குறைக்கக் கட்டளையிட்டது. அதே ஆண்டில் மத்திய அரசும் முதலிரண்டு வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோ என்று வரம்பு கட்டியது. புதுச்சேரியில் மாதத்தின் கடைசி வேலைநாள் பையில்லா நாளாக அறிவிக்கப்பட்டது. மற்ற நாட்களை என்ன செய்வது?

நம் சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, தலைச்சுமைக்காரன் பிறர் கையை எதிர்பாராமல் பாரத்தைச் சாய்த்து வைக்கும் உயரத்தில் அமைத்திருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்காமலே போன ஒரு சுமைக்காக, வழிப்போக்கர் எல்லோருடைய சுமையையும் இறக்கிவைக்க நினைத்தவர்கள் நம் முன்னோர்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு கவர்னர்களே பிடித்து இழுத்தார்கள். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். அந்தத் தேருக்கு நன்கொடை எழுதும் பெரியவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த ஆண்டு ரசீதுப் புத்தகத்தில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும், புத்தகங்களை அங்கேயே வைத்துவிட்டுப் பிள்ளைகள் கைவீசி வீடு திரும்புவதற்கு, ஒரு நீளப் பலகை அடித்துக் கொடுங்கள்.