பாவனைக்கு ஓர் எல்லை வேண்டுமா?

டிஸ்னிலேண்ட் பாரிஸுக்குச் செல்பவர்கள் இரவு தங்க இருவகை விடுதிகள் இருக்கின்றன. முதல் வகை, பூங்காவை நடத்தும் நிறுவனமே நடத்துபவை. பூங்காவின் நுழைவாயிலுக்கு மேலேயே எழும்பி நிற்கும் டிஸ்னிலேண்ட் ஹோட்டல், பழைய கௌபாய்ப் படங்களில் வரும் தெருவைப் போல அமைந்த ஷையென், மார்வல் ஓவியங்களோடு 2021இல் மறுபடி திறக்கப்பட்ட நியூயார்க் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வகை, பிற நிறுவனங்கள் நடத்துகிற, பூங்காவோடு ஒப்பந்த உறவு மட்டும் வைத்திருக்கிற பார்ட்னர் ஹோட்டல்கள். இவற்றில் பல, அருகிலுள்ள மான்யி-லெ-ஓங்ர் பகுதியில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. வாடகை குறைவு. பூங்காவுக்குப் போய்வர பேருந்து உண்டு. ஆனால் டிஸ்னியின் கதாபாத்திரங்களைத் தம் சொந்தக் கருப்பொருளாக்கிக்கொள்ளும் உரிமை இவற்றுக்கு இல்லை. ஆகவே ஒன்று கோட்டை வேடம் போடுகிறது, இன்னொன்று சர்க்கஸ் வேடம். எக்ஸ்ப்ளோரர்ஸ் என்னும் விடுதி கடலோடிகளின் கதையை எடுத்துக்கொண்டு, நீச்சல்குளத்தில் கடற்கொள்ளையர் கப்பலையே நிறுத்தியிருக்கிறது.

இங்கே தங்கியவர்களிடம் திரும்பத் திரும்ப எழும் குறை ஒன்று உண்டு. பகல் முழுவதும் வேறொரு உலகத்தில் இருந்துவிட்டு மாலையில் பேருந்து ஏறியதுமே அந்த உலகம் கலைந்துவிடுகிறது, விடுதியின் அலங்காரம் அதை மீட்டுத் தருவதில்லை என்பதே அது. பயண ஆலோசனையாகப் பார்த்தால் இதற்குப் பதில் சொல்வது எளிது: காசு இருந்தால் உள்ளே தங்கலாம். ஆனால் அந்தக் குறைக்குள் தத்துவம் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. மனிதர் தெரிந்தே நுழையும் ஒரு பாவனை முழுமை பெற, அது எங்கும் பரவியிருக்க வேண்டுமா? அல்லது முடியும் இடம் ஒன்று இருந்தால்தான் அது பாவனையாகவே இருக்க முடியுமா?

பூங்காவைக் கட்டியவர்களையே இந்தக் கேள்வி தொடக்கத்திலிருந்து அலைக்கழித்தது. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹைமில் முதல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, அதைச் சுற்றி உயர்ந்த மண்மேடு எழுப்பப்பட்டிருந்தது. மேட்டின் மீது ரயில் ஓடியது. உள்ளே இருப்பவர் கண்ணில் வெளியுலகம் படக்கூடாது என்பது நோக்கம். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள சுரங்கவழிகளைக் கடந்துதான் உள்ளே போக முடியும். ஆனால் வால்ட் டிஸ்னியிடம் இருந்த நிலம் சுமார் 160 ஏக்கர்தான். பணமும் போதவில்லை. அங்கிருந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக்கூட ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரே கட்டி நடத்தினார். அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது 1988இல். மண்மேட்டுக்கு வெளியே ஹார்பர் சாலை நெடுக மோட்டல்கள் முளைத்தன. அவற்றின் விளம்பர விளக்குகள் டிஸ்னியை உறுத்தின. 1960களில், பூங்காவுக்குள்ளிருந்து தெரியும் அளவுக்குக் கட்டடங்கள் உயராதபடி நகர நிர்வாகம் வரம்பு விதித்தது. ஒரு கனவின் விளிம்பைக் காக்க நகராட்சி விதி தேவைப்பட்டது என்பது இந்த வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஃப்ளோரிடாவில் அதே நிறுவனம் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியதற்கு இந்த உறுத்தல் முக்கியக் காரணம். 1971இல் அங்கே பூங்காவோடு விடுதிகளும் சேர்ந்தே திறக்கப்பட்டன. கன்டெம்பரரி என்ற விடுதியின் கூடத்துக்குள்ளேயே மோனோரயில் புகுந்து செல்கிறது. பாரிஸ் அருகே 1992 ஏப்ரல் 12 அன்று பூங்கா திறந்தபோதோ, அண்டை வீட்டாருக்கு வருமானத்தை விட்டுவிடக் கூடாது என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளை நிறுவனமே கட்டியது. தொடக்க ஆண்டுகளில் அவற்றை நிரப்ப முடியாமல் கடனில் தத்தளித்தது. பாவனையின் பரப்பை விரிக்கும் முடிவுக்குப் பின்னால் கலையும் இருந்தது, வணிகமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பார்ட்னர் ஹோட்டல்களை எடைபோட முடியாது.

இப்போது லயிப்பு என்பதையே பார்க்க வேண்டும். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல், கவிதை படிப்பவர் தம் அவநம்பிக்கையைத் தாமே விரும்பி ஒதுக்கிவைக்கிறார் என்று விளக்கினார். டோல்கீன் 1939இல் ஆற்றிய உரையில் இதை மறுத்தார். நல்ல கதைசொல்லி ஓர் இரண்டாம் உலகைப் படைக்கிறார். அதனுள் இருக்கும்வரை வாசகர் அதை நம்புகிறார். அவநம்பிக்கையை முயன்று ஒதுக்க வேண்டிய நிலை வந்தாலே கலை தோற்றுவிட்டது என்பது அவர் வாதம். பூங்காக்களைக் கட்டுபவர்கள் தம்மை அறியாமலே டோல்கீன் பக்கம் நிற்கிறார்கள். எல்லாம் படைப்பவரின் திறமையைப் பொறுத்தது என்றால், ஒரு மின்கம்பமோ சாதாரணத் தரைவிரிப்போ கண்ணில் பட்டாலும் அது குற்றமாகிவிடும். அந்த அளவுகோலில் பார்ட்னர் ஹோட்டல்கள் தேறவே முடியாது.

ஆனால் அளவுகோல் அது ஒன்றுதான் என்றில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் கெண்டல் வால்ட்டன் 1990இல் வெளியிட்ட நூலில், காட்டில் விளையாடும் சிறுவர்கள் மரக்கட்டைகளைக் கரடிகளாக வைத்துக்கொள்ளும் விளையாட்டிலிருந்து புனைவுக் கொள்கை ஒன்றையே எழுப்புகிறார். கட்டை கரடியைப் போல இருக்க வேண்டிய அவசியமில்லை. விளையாடுபவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்தால் போதும். லயிப்பு பொருளின் குணம் அல்ல, பங்கேற்பவரின் செயல். இந்தப் பார்வையில் விடுதியின் சுவரில் என்ன ஓவியம் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். குழந்தை அங்கே எதை விளையாட முடிகிறது என்பதே முதன்மை. கடற்கொள்ளையர் கப்பல் நிற்கும் நீச்சல்குளம், விலையுயர்ந்த ஓவியம் மாட்டிய அமைதியான வரவேற்பறையைவிட இங்கே மேலானதாகிவிடுகிறது.

இந்த விவாதத்துக்கு மிக நுட்பமான பங்களிப்பு ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரில் வாழ்ந்த அபிநவகுப்தர், நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில், ரசனைக்கு ஏழு தடைகள் உண்டு என்கிறார். அவற்றில் இரண்டு இந்தப் பொருளை நேராகத் தொடுகின்றன. ஒன்று, குறிப்பிட்ட இடத்தோடும் காலத்தோடும் ஒட்டிக்கொள்ளும் மனம். இன்னொன்று, சொந்த இன்பதுன்பங்களில் மூழ்கிக் கிடக்கும் மனம். முதல் தடையை நாடகத்துக்கு முந்திய சடங்குகளும் நடிகரின் வேடமும் நீக்குகின்றன. வேடம் நடிகரை மறைக்கிறது. அதற்காகப் பார்ப்பவர் அவரை உண்மையான ராமன் என்று ஏமாறுவதும் இல்லை. நடிகரின் இடமும் காலமும் ஒருபுறம், கதைமாந்தரின் இடமும் காலமும் மறுபுறம், ஒன்றை ஒன்று தளர்த்துகின்றன. அந்த இடைவெளியில், யாருடையதும் அல்லாத, எல்லாருக்கும் பொதுவான உணர்வு பிறக்கிறது. இரண்டாம் தடைக்கு அவர் சொல்லும் மருந்து இசையும் அழகுபடுத்தப்பட்ட அரங்கமும்.

இதன்படி அலங்காரத்தின் வேலை உலகத்தைப் படைப்பது அல்ல. வந்தவரின் மனத்திலிருந்து வீட்டுக் கவலையையும் கணக்குவழக்கையும் இறக்கிவைப்பதே அதன் வேலை. விடுதியைப் பற்றிய கேள்வி இங்கே உருமாறுகிறது. அந்த இடம் எவ்வளவு மந்திரமயமாக இருக்கிறது என்று கேட்பதைவிட, அது எந்தத் தடையை நீக்குகிறது, எதைப் புதிதாக உண்டாக்குகிறது என்று கேட்பது பொருத்தம். பேருந்துக்காக நீண்ட வரிசையில் நிற்கவைப்பது, உறங்கவிடாத மெல்லிய சுவர்கள், காலை உணவுக்கு நேரம் ஒதுக்கிச் சீட்டுக் கொடுப்பது ஆகியவை கோபுரம் இல்லாததைவிடப் பெரிய தடைகள். களைத்த குழந்தையும் எரிச்சலடைந்த தந்தையும் மறுநாள் காலை எந்தக் கோட்டைக்குள்ளும் நுழைய முடியாது.

விளையாட்டுக்கு எல்லை வேண்டும் என்பதை நேராகச் சொன்னவர் டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹய்சிங்கா. 1938இல் வெளியான அவருடைய நூல், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து இடத்தாலும் காலத்தாலும் வேலியிடப்பட்டது என்கிறது. மேடை, ஆட்டக்களம், வழிபாட்டுத் தலம் மூன்றும் அவருக்கு ஒரே இனம். சமய வரலாற்றறிஞர் மிர்ச்சா எலியாட் வாசற்படிக்குத் தனி இடம் தருகிறார். அது இரண்டு உலகங்களைப் பிரிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடந்துபோகும் வழியும் அதுவே. மானிடவியலாளர் அலெக்ஸாண்டர் மூர் 1980இல் எழுதிய கட்டுரையில் ஃப்ளோரிடாப் பூங்காவையே விளையாட்டு வடிவில் அமைந்த யாத்திரைத் தலமாகப் படித்துக் காட்டினார்.

யாத்திரை என்று எடுத்துக்கொண்டால், பிரான்சின் லூர்து ஊர் நல்ல ஒப்பீடு. அங்கே திருத்தலத்தின் வளாகம் வேறு, அதன் வாயில்களுக்கு வெளியே நெருங்கி நிற்கும் விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் நிறைந்த தெருக்கள் வேறு. புனிதர்களின் பெயர் தாங்கிய விடுதிகள் ஏராளம். ஆயினும் அறை போதிய அளவு புனிதமாக இல்லை என்பது யாத்திரிகரின் மனக்குறையாவதில்லை. புனிதம் குகையருகே இருக்கிறது, விடுதி உடலுக்கானது. பூங்காவுக்குச் செல்பவர் மட்டும் ஏன் கட்டிலிடமும் மாயத்தை எதிர்பார்க்கிறார்? யாத்திரிகர் அருளை விலைக்கு வாங்கியதில்லை. பூங்கா விருந்தினரோ ஓர் அனுபவத்தைத் தொகுப்பாக, இரவுக்கணக்கில் வாங்கியிருக்கிறார். வாங்கிய பொருள் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்ய வேண்டும் என்று அவர் நினைப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பை விளையாட்டின் இயல்பு உண்டாக்கவில்லை, விற்பனையின் இயல்பு உண்டாக்கியது. இது அவர் குற்றமல்ல. அப்படித்தான் அவருக்கு விற்கப்பட்டது.

எல்லையே இல்லாத லயிப்பு ஒருமுறை உண்மையாகவே முயன்று பார்க்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் திறந்த ஸ்டார் வார்ஸ் கேலக்டிக் ஸ்டார்க்ரூஸர், நூறு அறைகள் கொண்ட விண்கப்பல் வடிவ விடுதி. இரண்டு இரவுகள் தங்கியாக வேண்டும். சன்னல்களில் திரைகள் விண்வெளியைக் காட்டின. ஊழியர்கள் கதைமாந்தர்களாகவே நடமாடினார்கள், விருந்தினரும் கதையில் பங்கெடுத்தார்கள். இருவருக்குக் கட்டணம் நாலாயிரத்து எண்ணூறு டாலர் அளவில் தொடங்கியது. சென்றவர்கள் பலர் நெகிழ்ந்து பேசினார்கள். ஆனால் 2023 செப்டம்பர் இறுதியில் அது மூடப்பட்டது. முழு லயிப்பு இயலாதது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. விலை பெரிய காரணம். எனினும், முழுமையான பாவனை இரவும் பகலும் பங்கேற்பைக் கேட்கிறது என்பதை அது காட்டியது. பயணக் களைப்பில் வரும் சாதாரணக் குடும்பத்திடம் அவ்வளவு கேட்க முடியாது.

இன்னொரு முனையில் டோக்கியோ டிஸ்னிசீயின் மிராகோஸ்டா இருக்கிறது. 2001இல் பூங்காவோடு சேர்ந்து திறந்த இவ்விடுதி, இத்தாலியத் துறைமுகக் காட்சியின் ஒரு சுவராகவே நிற்கிறது. துறைமுகத்தைப் பார்த்த அறையின் சன்னலருகே நிற்பவர், கீழே நடப்பவருக்குக் காட்சியின் பகுதியாகத் தெரிகிறார். ஆயினும் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அறை வெறும் அறைதான். அந்தத் திரைச்சீலைதான் அங்கே எல்லை; அதை இழுக்கும் அதிகாரம் விருந்தினர் கையில் இருக்கிறது. பூங்காவையும் விடுதியையும் இணைத்த முயற்சிகளில் இதுவே மிகத் தேர்ந்தது எனலாம்.

பாரிஸின் பார்ட்னர் ஹோட்டல்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அவை நிற்கும் 'வெளியுலகம்' தானாக வளர்ந்த வெளியுலகம் அல்ல. 1987இல் பிரெஞ்சு அரசும் டிஸ்னி நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பூங்காவைச் சுற்றியுள்ள வால் தூரோப் நகர்ப்பகுதியே திட்டமிட்டு எழுப்பப்பட்டது. பழைய பாரிஸின் சாயலில் வீதிகளும், இத்தாலியின் லூக்கா நகரச் சதுக்கத்தை நினைவூட்டும் நீள்வட்டச் சதுக்கமும் அங்கே உண்டு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981இல், வெளியே இருப்பதெல்லாம் நிஜம் என்று நம்பவைக்கவே டிஸ்னிலேண்ட் கற்பனையாகக் காட்டப்படுகிறது என்று வாதிட்டார். பூங்காவுக்கு வெளியிலும் பாவனைக் கட்டடங்களை இங்கே பார்ப்பவருக்கு அந்த வாதம் வலுப்பெற்றதாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சதுக்கத்தின் மாடிகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். காலையில் பாரிஸுக்கு வேலைக்குப் போகிறார்கள். வாழ்பவர் இருக்கும் இடம், அதன் முகப்பு எதைப் போல இருந்தாலும், வாழிடமாகிவிடுகிறது. போத்ரியாரின் வாதத்தில் அந்தக் குடியிருப்பவர்களுக்கு இடமே இல்லை. அது அதன் பெரிய குறை.

இவற்றை வைத்துப் பார்த்தால் பார்ட்னர் ஹோட்டல்களில் வலுக்குறைந்தது அலங்காரமே இல்லாத விடுதி அல்ல. டிஸ்னியாகவும் இல்லாமல், தனக்கென்று ஒரு கதையும் இல்லாமல், கோட்டையின் சாயலை மட்டும் வரவேற்பறையில் ஒட்டிவைத்து, மேல்மாடித் தாழ்வாரங்களில் அதைக் கைவிட்டுவிடும் விடுதிதான் வலுக்குறைந்தது. அங்கே வேடம் நடிகரை மறைக்கவும் இல்லை, நடிகர் வேடமின்றி நிற்கவும் இல்லை. அபிநவகுப்தர் சொன்ன இரண்டு காலங்களும் ஒன்றையொன்று தளர்த்தாமல் அருகருகே கிடக்கின்றன. ஒரே ஒரு விளையாட்டை முழுமையாக எடுத்துக்கொண்ட விடுதியும், எதையும் நடிக்காத எளிய விடுதியும் இதைவிட நேர்மையானவை.

வாசற்படியைப் பொறுத்தவரை தொலைவைக் காட்டிலும் கடக்கும் விதமே முக்கியம். அனாஹைமில் சில தனியார் விடுதிகள் டிஸ்னியின் சொந்த விடுதியைவிடப் பூங்கா வாசலுக்கு அருகில் இருக்கின்றன. சாலையைக் கடந்தால் போதும். அந்தச் சில நிமிட நடையில் குழந்தை எதிர்பார்ப்பைத் தானே சேர்த்துக்கொள்கிறது. பாரிஸில் பார்ட்னர் ஹோட்டலின் பேருந்து ரயில் நிலையத்தருகே இறக்கிவிடுகிறது. பிறகு பாதுகாப்புச் சோதனை, அதன் பின் தோட்டம், டிஸ்னிலேண்ட் ஹோட்டலின் இளஞ்சிவப்புக் கட்டடத்துக்கு அடியில் நுழைவு. உள்ளே தங்கியவருக்கு இந்தப் படிநிலைகளில் சில கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது வேறு: பொது நேரத்துக்கு முன்பே பூங்காவின் சில பகுதிகளில் நுழையும் சலுகை. பார்ட்னர் ஹோட்டல் விருந்தினருக்கு அது இல்லை. ஒருமுறை மட்டுமே வர வசதியுள்ள குடும்பத்துக்கு உண்மையான இழப்பு அதுதான். சுவரில் எந்த ஓவியத்தை மாட்டினாலும் அந்த நேரத்தை ஈடுகட்ட முடியாது.